கைப்பிடி இல்லாத வால்வு

விக், கெய்த்னஸ்
நவம்பர் 3, 2013

டூகல்,

"அன்புள்ள" என்று தொடங்கிப் பார்த்தேன். பேனா நகரவில்லை. அதனால் வெறும் டூகல்தான்.

போன் செய்திருக்கலாமே என்பாய். போனில் உனக்குப் பாதி காதில் விழாது, விழுந்த பாதியையும் தப்பாக எடுத்துக்கொள்வாய். முப்பது வருஷம் பாய்லர் அறைகளில் கிடந்த காது அது. குறை சொல்லவில்லை. இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை இடறினாலும் என்னால் தாங்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

ரோரி ஐந்து வாரமாக இன்வெர்னஸ் மருத்துவமனையில் இருக்கிறார். நுரையீரல். சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இப்போது தேறிவிட்டார், வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை. எங்கள் படுக்கையறை இரவும் பகலும் பதினெட்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. குளிர்ந்த காற்று பட்டால் அவருக்கு மார்பு அடைத்துக்கொள்கிறது. டிசம்பர் ஐந்தாம் தேதி ஜீன் மோவட் என்ற நர்ஸ் வந்து, அறையின் சூட்டைப் பதிகிற கருவி ஒன்றை வைத்துவிட்டுப் போவார். ஒரு வாரம் கழித்து வந்து எடுத்துப் பார்ப்பார். அறை தேறாவிட்டால் ரோரி தர்ஸோவில் உள்ள பராமரிப்பு இல்லத்துக்குப் போக வேண்டும். அறுபத்திரண்டு வயதில். அங்கே போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

நேற்று அந்த அறையில் பதினான்கு. வீட்டைச் சூடாக்குகிற பாய்லர் நாள் பூராவும் ஓடியும் பதினான்கு.

உள்ளூர் ஆளைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாகப் போட வேண்டும், பிப்ரவரியில்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஐந்து வருஷம் முன்பு அதை மாட்டியவன் நீ. நீதான் சொல்ல வேண்டும்.

எஃபி


சாண்டே, ஆர்க்னி
நவம்பர் 8

அக்கா,

இந்தத் தீவுக்கு மூன்று நாளாகக் கப்பல் இல்லை. உன் கடிதம் இன்று காலை விமானத்தில் வந்தது. இரண்டு தரம் படித்தேன். அடுப்பில் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், அதையும் மறைக்கவில்லை.

2010 ஜனவரி முதல் தேதி எனக்கு மறக்கவில்லை. புத்தாண்டு விருந்து. வந்த எட்டுப் பேரும் வழக்கம்போல கோட்டைக் கழற்றி உங்கள் கட்டில்மேல் குவித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். கிளம்பும்போது எடுத்துப் போட்டவர்கள் எல்லாரும் சில்லிட்டு நடுங்கினார்கள். உன் புருஷன் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "மச்சான் எங்களுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் மாட்டிக் குடுத்திருக்கான். கட்டில்கூட உள்ள கொள்ளும்." எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். என் மூக்கைச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவர் என் வேலையைச் சொன்னார்.

சரி. அவருக்காக இல்லை, என் வேலைக்காகக் கேட்கிறேன். நாலு வருஷமாக எனக்கே விளங்காத ஒன்று இருக்கிறது. நான் மாட்டியது 2008 அக்டோபரில். அந்த முதல் குளிர்காலம் அறை எப்படி இருந்தது? எனக்கு நன்றாக இருந்ததாகத்தான் ஞாபகம். முதல் வருஷம் ஓடிய அதே பாய்லர், அதே குழாய், அடுத்த வருஷம் ஏன் ஓடாது? இரும்புக்கு மனசு மாறாது.

எதையும் தொடாதே. காலையில் வீடு முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது பாய்லரைப் போடு. கடிகாரத்தை வைத்துக்கொண்டு, எந்த அறைச் சுவரில் உள்ள ரேடியேட்டர் சுடுதண்ணீர் ஏறி எத்தனை நிமிஷத்தில் சூடாகிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து எழுது. படுக்கையறையில் இருப்பது மேலே சூடா, கீழே சூடா, இரண்டும் இல்லையா? பாய்லரில் சூட்டுக்கு வைத்திருக்கிற எண் என்ன? அது தொடர்ந்து ஓடுகிறதா, நின்று நின்று ஓடுகிறதா?

டூகல்


விக்
நவம்பர் 14

டூகல்,

நான் சிரித்தது உண்மை. எட்டுப் பேர் சிரிக்கும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது சொல்லி என்ன.

நீ சொன்னபடி செய்தேன். காலை ஏழு மணி, ஒரு கையில் ரோரியின் கைக்கடிகாரம், இன்னொரு கையில் பென்சில். பக்கத்து வீட்டு கிறிஸ்ஸி ஏதோ கேட்க வந்தவள், நான் ஓடி ஓடிச் சுவரைத் தடவுவதைப் பார்த்து எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். விஷயத்தைச் சொன்னதும் அவளும் கூட வந்து தடவினாள்.

சமையலறை மூன்று நிமிஷத்தில் கை வைக்க முடியாத சூடு. நடைவழி ஐந்து. குளியலறை ஆறு. சின்ன அறை பதினொன்று. முன்னறை பதினைந்து. படுக்கையறை நாற்பது நிமிஷம் ஆகியும் பால் காய்ச்சி ஆறவைத்த பதம்தான். மேலும் கீழும் ஒரே மாதிரி. அதாவது இரண்டும் இல்லை.

பாய்லரில் எண் எண்பது. ஏழு நிமிஷம் ஓடுகிறது, நிற்கிறது, பத்து நிமிஷம் கழித்து மறுபடி. ஒரு மணி நேரம் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்திருந்தது. இருபத்தெட்டு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், இதற்குள் தண்ணீர் எந்தப் பக்கமாகப் போகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. சமையலறையில் இவ்வளவு வேகமாக வருகிற தண்ணீருக்குப் படுக்கையறைக்குப் போக மட்டும் ஏன் மனசில்லை?

முதல் குளிர்காலம் நன்றாகத்தான் இருந்தது. ஜன்னலில் பனி பிடிக்காத முதல் வருஷம் இது என்று ரோரியே சொன்னார். யாரிடம் கேட்டாலும் சொல்வேன்.

சனிக்கிழமை, யாருக்குக் கடிதம் எழுதுகிறாய் என்று கேட்டார். விரலில் மை இருந்திருக்கிறது. பாய்லருக்கு எண்ணெய் தருகிற கம்பெனிக்கு என்றேன்.

எஃபி


சாண்டே
நவம்பர் 19

அக்கா,

உன் கணக்கைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். என்னோடு வேலை செய்கிற எவனும் இவ்வளவு ஒழுங்காக எழுதித் தந்ததில்லை.

தண்ணீருக்கு மனசு இருக்கிறது, சோம்பேறி மனசு. பம்பை விட்டு வெளியே வந்ததும் எது பக்கமோ அதில் புகுந்து, பாய்லருக்குத் திரும்பிவிடப் பார்க்கும். உன் வீட்டில் சமையலறை பக்கம், படுக்கையறை கடைசி. அப்படியே விட்டால் சமையலறையே எல்லாவற்றையும் குடித்துவிடும். அதனால் பக்கத்தில் இருப்பதைக் குறுக்கி, தூரத்தில் இருப்பதைத் திறந்துவைக்க வேண்டும். நான் மாட்டியபோது இரண்டு நாள் உட்கார்ந்து அதைத்தான் செய்தேன். நீதான் தேநீர் போட்டுக் கொடுத்தாய்.

அதை எப்படிச் செய்வது என்றால்: ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் இரண்டு பக்கமும் வால்வு. ஒன்று நீங்கள் திருப்புகிற கைப்பிடி உள்ளது. மறுபக்கத்தில் கைப்பிடி இல்லாத ஒன்று, வெள்ளை மூடி போட்டது. அதை யாரும் தொடக் கூடாது என்றுதான் கைப்பிடி வைக்காமல் செய்கிறார்கள். மூடியை எடு. உள்ளே சின்னத் தண்டு இருக்கும். ஸ்பானரால் வலப்பக்கம் மெதுவாகத் திருப்பி, மூடுகிறவரை எத்தனை சுற்று என்று எண்ணு. எண்ணிவிட்டு அதே அளவு திரும்பத் திற. ஆறு ரேடியேட்டரிலும்.

எத்தனை சுற்று இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றுக்கும் பின்னால் சுவரில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன். முகம் பார்க்கிற கண்ணாடியை இடுக்கில் விட்டு, டார்ச் அடித்துப் பார். நீ எண்ணியதும் சுவரில் இருப்பதும் ஒன்றானால் நான் முட்டாள். வேறு வேறானால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

டூகல்


விக்
நவம்பர் 23

டூகல்,

எண்ணினேன். ஆறும் முழுசாகத் திறந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் நாலேகால் சுற்று.

சுவரில் எழுத்து எதுவும் தெரியவில்லை.

இன்று பஸ் பிடிக்க வேண்டும். அந்த எண்கள் உன்னிடம் வேறு எங்காவது இருந்தால் சீக்கிரம் அனுப்பு. இன்னும் பன்னிரண்டு நாள்தான்.

எஃபி


சாண்டே
நவம்பர் 26

அக்கா,

தெரியும். போன கடிதம் எழுதும்போதே எனக்குத் தெரியும்.

இந்த உலகத்தில் யாரும் தற்செயலாக ஆறு வால்வைத் திறக்க மாட்டார்கள். ஸ்பானர் எடுத்துக்கொண்டு, முட்டி போட்டு, மூடியைக் கழற்றி, ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். யார் செய்திருப்பார்கள்? மீன்பிடிப் படகில் இருபது வருஷம் எஞ்சின் பார்த்தவர் உன் வீட்டில் ஒருவர்தான். காசு கொடுத்து வாங்கிய சூட்டை மச்சான் பாதி மூடிவைத்திருக்கிறான், நாம் முழுசாகத் திறந்துவிடுவோம் என்று கிளம்பியிருக்கிறான். சுவரில் இருந்ததையும் துடைத்திருக்கிறான். திறந்துவிட்டுக் குளிர்ந்ததும் எட்டுப் பேர் முன்னால் என்னைச் சொன்னான்.

அன்று கப்பலில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்தது. ஐம்பத்திரண்டு வயது எனக்கு அப்போது. அதன் பிறகு எந்த வீட்டில் மாட்டினாலும் இரண்டு தரம் போய்ச் சரிபார்க்கிறேன். என் கையையே நான் நம்புவதில்லை. அதைச் செய்தவன் அவன்.

எண்கள் என் நோட்டில் இருக்கின்றன. இதோ மேஜைமேல்தான். ரோரி தான் செய்ததை ஒத்துக்கொள்ளட்டும், மறுநாள் அனுப்புகிறேன்.

டூகல்


விக்
நவம்பர் 28

அன்புள்ள டூகல்,

இந்தத் தரம் அந்தச் சொல்லைப் போட்டுத்தான் தொடங்க வேண்டும்.

எழுத்து தெரியவில்லை என்று எழுதினேன். அது பொய் இல்லை. ஏன் தெரியவில்லை என்று எழுதவில்லை, அதுதான் பொய். கண்ணாடியை இடுக்கில் விட்டு டார்ச் அடித்தபோது எனக்குத் தெரிந்தது நீலப் பூப்போட்ட காகிதம். நான் ஒட்டிய சுவர்க் காகிதம்.

2009 ஏப்ரலில் ரோரி மூன்று வாரம் கடலில் இருந்தார். வருவதற்குள் வீடு முழுக்கக் காகிதம் ஒட்டி அவரை அசத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. ரேடியேட்டருக்குப் பின்னால் ஒட்டாமல் விட்டால் ஓரத்தில் பழைய பச்சை தெரியும். இரண்டு பக்க வால்வையும் மூடி, அடியில் பாத்திரம் வைத்து, நானும் கிறிஸ்ஸியும் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கறுப்புத் தண்ணீர் கொட்டி என் ஏப்ரன் பாழானது. ஒட்டி முடித்து, மறுபடி மாட்டி, எல்லா வால்வையும் போகிற மட்டும் திறந்துவிட்டேன். முழுசாகத் திறந்தால்தானே முழுச் சூடு வரும் என்று நினைத்தேன். உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

இன்னும் ஒன்று. சுவரில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். அன்றைக்கே பார்த்தேன். அரை, முக்கால் என்று ஏதோ இருந்தது. தம்பி பலகைக்கு அளவு எழுதியிருக்கிறான் என்று நினைத்துப் பசை தடவினேன்.

விருந்தில் ரோரி உன்னைச் சொன்னபோது எனக்கு இது தெரியாது, சத்தியம். பத்தொன்பதாம் தேதி எழுதிய உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்து, "கைப்பிடி இல்லாத ஒன்று" என்ற இடத்தில்தான் எனக்கு விளங்கியது. தெரிந்த பிறகும் ஒரு கடிதம் உன்னை ஏமாற்றினேன். எண்கள் வந்துவிடட்டும், மெதுவாகச் சொல்லலாம் என்று பார்த்தேன். நீ அவர்மேல் பாய்ந்ததும் பொறுக்கவில்லை.

ரோரி ஒன்றும் தொடவில்லை. இதில் அவர் செய்தது என்னை நம்பியது மட்டும்தான். நாளை மறுநாள் அவரிடமும் சொல்லிவிடுவேன். என்மேல் உனக்கு என்ன கோபம் இருந்தாலும் அதைப் பிறகு வைத்துக்கொள். ஏழு நாள்தான் இருக்கிறது, டூகல். அவரை தர்ஸோவுக்கு அனுப்பிவிடாதே.

எஃபி


சாண்டே
டிசம்பர் 2

அக்கா,

விமானத்துக்குத் தபால் பை கட்டுகிறார்கள், நின்றபடி எழுதுகிறேன்.

வால்வை முதலில் முழுசாக மூடு. பிறகு திற: சமையலறை அரைச் சுற்று. நடைவழி முக்கால். குளியலறை ஒன்று. சின்ன அறை ஒன்றரை. முன்னறை இரண்டு. படுக்கையறை போகிற மட்டும். நீ அதில் செய்தது சரிதான்.

பாய்லரை எண்பதிலிருந்து அறுபத்தைந்துக்கு இறக்கு. பயப்படாதே. கொதிக்கக் கொதிக்க ஏழு நிமிஷம் ஓடி நிற்பதைவிட, மிதமான சூட்டில் நாள் பூராவும் ஓடினால் கல் சுவர் மெதுவாகச் சூட்டைக் குடித்துப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயும் குறைவாகத்தான் போகும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் பார்.

கோபம் இல்லை என்று எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இருக்கிறது. நாலு வருஷம், அக்கா.

ஆனால் அரை, முக்கால் என்பதைப் பார்த்துப் பலகைக்கு அளவு என்று நினைத்தாயா? என்ன அளவு, முக்கால் என்ன, முழமா? இங்கே தனியாக நின்று சிரித்துவிட்டேன். தபால்கார அம்மாள் பார்க்கிறாள்.

டூகல்


விக்
டிசம்பர் 13

அன்புள்ள டூகல்,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே ஓடாதே. கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

போன மாதக் கடைசிச் சனிக்கிழமை ரோரியிடம் சொன்னேன், வால்வு, காகிதம், உனக்கு எழுதியது எல்லாம். ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "அப்போ அவனை நாலு வருஷமா சும்மாவே திட்டிட்டு இருந்திருக்கேன்" என்றார். அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பஸ்ஸில் திரும்பி வந்த மூன்று மணி நேரம் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நாலாம் தேதி உன் கடிதம் வந்தது. அன்று மத்தியானமே முட்டி போட்டு ஆறையும் திருப்பினேன். படுக்கையறை இருபத்திரண்டு நிமிஷத்தில் சூடானது. உள்ளே போய்க் கையை வைத்தபடி கொஞ்சநேரம் நின்றேன். நர்ஸ் கருவியை வைத்துவிட்டுப் போன அன்று ராத்திரி பதினெட்டு. மறுநாள் பத்தொன்பது. அப்புறம் பத்தொன்பதைவிட்டு இறங்கவே இல்லை. தொட்டியில் குச்சி விட்டு அளந்தேன், எண்ணெயும் முன்பைப் போல மளமளவென்று இறங்கவில்லை.

நேற்று ஜீன் மோவட் வரும் நாள். பதினோரு மணிக்கு வருகிறவளுக்காக எட்டு மணிக்கே முன்னறைக் கணப்பில் நிலக்கரி போட்டு நன்றாகக் கனலவைத்தேன். விருந்தாளி வரும்போது கணப்பு வெறுமையாக இருந்தால் அது என்ன வீடு? பாத்திரம் கழுவி, கேக் வெட்டி, கதவைத் திறந்தேன். அவள் நேரே படுக்கையறைக்குப் போனாள். "மிஸஸ் ஸ்வான்சன், இங்க பதினாறரைதான் காட்டுது" என்று அங்கிருந்து குரல் வந்தது.

கேக் தட்டோடு ஓடினேன். அவள் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஏழு நாளும் நேர்கோடு, நேற்று காலை ஒன்பதிலிருந்து சரிவு. "இன்னைக்கு மட்டும் என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அவள் கேட்டது உன் கேள்வி, டூகல். நேற்று ஓடியது இன்று ஏன் ஓடாது? இரும்புக்கு மனசு மாறாது என்றால் மாறியது எது? பாய்லரைப் போய்ப் பார்த்தேன், நின்றுகிடந்தது. வால்வெல்லாம் அப்படியே இருந்தது. நேற்று இல்லாமல் இன்று இருப்பது அந்த நெருப்பு ஒன்றுதான். முன்னறைக்கு ஓடினேன். கணப்பிலிருந்து இரண்டடி தள்ளிச் சுவரில் நீ மாட்டிய தெர்மோஸ்டாட். வீடு போதுமான அளவு சூடாகிவிட்டது, நிறுத்து என்று பாய்லருக்குச் சொல்கிற பெட்டி அதுதானே? தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. அதற்கு வீடு என்றால் அந்த முன்னறைதான். கட்டில் எப்படிக் கிடந்தால் அதற்கென்ன.

கரண்டியை எடுத்தேன். கனன்ற கரியை அப்படியே இரும்பு வாளியில் அள்ளிக் கொல்லைக்குக் கொண்டுபோய்ப் பனியில் கொட்டினேன். மூன்று வாளி. அந்தப் பெண் எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்னறை ஜன்னலையும் திறந்துவிட்டேன். கால் மணியில் பாய்லர் உறுமியது. பிறகு நாங்கள் இரண்டு பேரும் கோட்டோடு கட்டிலில் உட்கார்ந்து கேக் தின்றபடி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதினேழு. பதினேழரை. வேறு இரண்டு வீட்டுக்குப் போக வேண்டியவள், போன் செய்து தள்ளிவைத்தாள். ஒன்றே கால் மணிக்குப் பதினெட்டு. பேப்பரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "இனிமே யார் வந்தாலும், அரசாங்கமே வந்தாலும், கரி போடாதீங்க" என்றாள்.

பத்தொன்பதாம் தேதி அவர் வீட்டுக்கு வருகிறார்.

எஃபி


சாண்டே
டிசம்பர் 17

அன்புள்ள எஃபி அக்காவுக்கு,

கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படித்தேன்.

படித்துவிட்டு வேலைக்குப் போனேன். வேலை ஓடவில்லை. நீ ஒரு விஷயத்தை எழுதியிருக்கிறாய், ஆனால் எழுதியது உனக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். தெரிந்தும் எனக்காக விட்டுவிட்டாயோ, அதுவும் தெரியவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

2010 ஜனவரி முதல் தேதி எட்டு விருந்தாளிகள். காலையிலிருந்து முன்னறையில் நெருப்பு. கதவைத் திறந்து உள்ளே வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன், கையைக் காய்ச்சிக்கொண்டேன். கணப்புக்கு இரண்டடியில் அந்தப் பெட்டி. நான்தான் மாட்டினேன். கம்பி இழுக்க அந்தச் சுவர்தான் பக்கம். ஹீட்டிங் வந்தாச்சு, இனி யார் கரி அள்ளுவார்கள் என்று ரோரி சொன்னார், நானும் சரி என்று ஆணியை அடித்துவிட்டேன். எந்த நாளும் இல்லாவிட்டாலும் விருந்து நாளில் நெருப்புப் போடாத வீடு இந்த ஊர்ப்பக்கம் உண்டா? எனக்குத் தெரியாதா? சோம்பேறித்தனம். தண்ணீரைச் சொன்னேன், நான் மட்டும் என்ன.

நீ வால்வைத் திறந்ததால் மற்ற நாளெல்லாம் அறை பதினான்கில் கிடந்திருக்கும். அன்று பாய்லரே ஓடியிருக்காது. கோட்டுகள் ஐஸாக இருந்ததற்கு நீ பாதி, நான் பாதி. என் பாதி பெரிசு என்றுதான் தோன்றுகிறது. ரோரி சொன்னது சரி. அந்த அறை அன்று ஃப்ரிட்ஜ்தான், அதை மாட்டியது நான்தான்.

நாலு வருஷம் நான் யார் யாரையோ குற்றம் சொன்னேன். பம்பு செய்தவனை, குழாய் விற்றவனை, கடைசியில் அவரை. இதில் எந்தத் தப்பும் செய்யாதவர் அவர் ஒருவர்தான். இதை எழுதுவதற்கு எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அவர் வந்து ஓய்வெடுத்த பிறகு வாசித்துக் காட்டு. மெதுவாக வாசி, குரலை மாற்றி நடிக்காதே.

கம்பி இல்லாமல் எங்கே வேண்டுமானாலும் வைக்கிற தெர்மோஸ்டாட் ஒன்று இங்கே கடையில் இருக்கிறது. வாங்கிவைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பட்டுமா?

டூகல்


விக்
டிசம்பர் 21

அன்புள்ள டூகல்,

வந்துவிட்டார். ஆம்புலன்ஸிலிருந்து இறங்கி அறைக்குள் வந்ததும் கட்டிலுக்குப் போகாமல் நேரே ரேடியேட்டருக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அங்கேயே நின்று சூப் குடித்தார். பிறகு வேர்க்கிறது, ஜன்னலைக் கொஞ்சம் திற என்கிறார். நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுதினால் தபால்காரர் கூசிப்போவார்.

நேற்று மத்தியானம் உன் கடிதத்தை வாசித்தேன், நடிக்காமல். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார், தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். "அந்த எடத்தை இன்னொரு தரம் வாசி" என்றார். எந்த இடம் என்று நானும் கேட்கவில்லை, "ரோரி சொன்னது சரி" என்ற இடம்தான். வாசித்தேன். இன்னொரு தரமும் கேட்டார். மூன்றாம் தரம் முடித்தபோது அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. நான் அழுதுவிட்டேன், அதை உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை.

இன்று காலை பேனா கேட்டார். இந்தக் காகிதத்தில் கீழே இடம் விடச் சொன்னார். எழுத்து கோணல், படிக்கச் சிரமமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

எஃபி


டூகல்,

அன்னைக்கு அறை குளிர்ந்தது நிஜம். அதை எட்டுப் பேர் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. உன்னைத் தனியாகக் கொல்லைக்குக் கூப்பிட்டுப்போய்ச் சொல்லியிருந்தால் அரை மணியில் நாமே கண்டுபிடித்திருப்போம்.

பெட்டியைத் தபாலில் அனுப்பாதே. நீயே கொண்டு வா.

ரோரி